இண்டி இசைக்குப் புதியவர்கள் எங்கே தொடங்குவது, யாரிடம் கேட்பது

இண்டி இசையை, அதாவது பெரிய ரெக்கார்டு நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசையைக் கேட்கத் தொடங்கும் ஒருவர் இரண்டு தடைகளைச் சந்திக்கிறார். எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியாத அளவுக்கு அது பரந்து கிடக்கிறது என்பது முதல் தடை. நெடுங்காலமாகக் கேட்டுவரும் ரசிகர்களில் ஒரு சாரார் புதியவரைத் தேர்வெழுத வந்தவர்போல நடத்துகிறார்கள் என்பது இரண்டாவது. "அந்த பேண்டா? முதல் ஆல்பத்தோடு அவர்கள் கதை முடிந்துவிட்டதே" என்று ஒருவர் உதட்டைப் பிதுக்கியதும், ஆசையாகப் பேச வந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். இந்த இரண்டாவது தடையால் நல்ல இசையை இழந்தவர்கள் பலர் என்பதால், இரண்டையும் தாண்டும் வழியைச் சேர்த்தே சொல்கிறேன். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உருவான மரபையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்தச் செருக்கு வேர்விட்டதும் அங்கேதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இண்டி என்பது தொடக்கத்தில் ஓர் ஒலியைக் குறிக்கவில்லை. ரெக்கார்டை யார் வெளியிடுகிறார்கள், யார் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள் என்பதையே குறித்தது. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி விற்பனைப் பட்டியல் தொடங்கப்பட்டபோது, பெரிய நிறுவனங்களின் வலைப்பின்னலுக்கு வெளியே விநியோகிக்கப்பட்டதா என்பதுதான் அதில் இடம்பெறுவதற்கான அளவுகோல். அதனால்தான் 1980களின் இறுதியில் கைலி மினோகின் துள்ளலான பாப் பாடல்கள் அந்தப் பட்டியலின் உச்சிக்குச் சென்றன. கிட்டாரை மங்கலாக வாசித்து, சோகமாகப் பாடினால்தான் இண்டி என்று யாராவது அடித்துச் சொன்னால், இந்த வரலாறு அவருக்கு எதிராகவே நிற்கிறது.

இதன் அடிப்படை உணர்வைப் புரிந்துகொள்ள, மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் தானே வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற சிறிய ரெக்கார்டைப் பாருங்கள். மொத்தம் நான்கு பாட்டுகள். நண்பர்களிடமும் குடும்பத்தினரிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, ஒரே நாளில் பதிவுசெய்து, முதலில் 1,000 பிரதிகள் அச்சிட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, பிறகு எதைச் சேர்த்தார்கள் என்பதை உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஒரு பாட்டு மூன்றாவது முயற்சி, மற்றவை முதல் முயற்சி. அதில் ஒரு பாட்டின் நடுவே வரும் கிட்டார் தனிவாசிப்பில் இருப்பவை இரண்டே இரண்டு சுரங்கள். அவற்றையே விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ராக் இசையில் தனிவாசிப்பு என்றாலே விரல் வித்தை என்றிருந்த காலத்தில் இது ஓர் அறைகூவல். "இவ்வளவுதான் வேண்டும், நீங்களும் செய்யலாம்" என்று அந்த ரெக்கார்டு வெளிப்படையாகச் சொன்னது. யாரையும் வெளியே நிறுத்துவதற்காகப் பிறந்த இசை அல்ல இது என்பதைப் புதியவர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில், லேபிளை, அதாவது ரெக்கார்டை வெளியிடும் நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பதுதான். "கேட்டே ஆக வேண்டிய நூறு ஆல்பங்கள்" போன்ற பட்டியல்கள் களைப்பையே தருகின்றன. ஒரு சிறிய லேபிளோ ஒரு சிலரின் ரசனையால் கட்டப்பட்டது என்பதால், அதில் ஒரு குழு பிடித்துவிட்டால் அடுத்ததும் பிடிப்பதற்கு வாய்ப்பு அதிகம். மேற்கு லண்டனில் 1976இல் கடையாகத் தொடங்கி 1978இல் லேபிளாகவும் ஆன ரஃப் டிரேட், அதே 1978இல் மான்செஸ்டரில் உருவான ஃபாக்டரி, 1980இல் பிறந்த ஃபோர் ஏடி, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 1981இல் தொடங்கப்பட்ட ஃபிளையிங் நன், சியாட்டிலின் சப் பாப், வட கரோலினாவின் மெர்ஜ் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மூன்று குழுக்களைக் கேளுங்கள். கிட்டாரே பிடிக்காதவர்களுக்கும் வாசல் இருக்கிறது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ.வின் முதல் ஆல்பத்தை 2005இல் வெளியிட்ட லண்டனின் எக்ஸ்எல் ஒரு சுயாதீன லேபிள்தான். பிரிட்டனில் பாடகி அடெலின் முதல் மூன்று ஆல்பங்களை வெளியிட்டதும் அதே லேபிள்தான்.

கேட்கும் முறையில் நம்மவர்களுக்கு ஒரு சிறு பழக்கமாற்றம் தேவைப்படும். திரைப்பாடல்களில் ஊறிய காதுக்குக் குரல் முன்னால் நிற்க வேண்டும், சொல் தெளிவாக விழ வேண்டும், பல்லவி மறுபடியும் வந்து கையைப் பிடிக்க வேண்டும். இண்டி ராக்கில் பல ஆல்பங்கள் குரலை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. மை பிளடி வாலண்டைன் குழு 1991இல் வெளியிட்ட 'லவ்லெஸ்' ஆல்பத்தில் குரல் கிட்டார்களின் இரைச்சலுக்குள் கரைந்து, இன்னொரு வாத்தியமாகவே மாறிவிடுகிறது; அதை முதல் தடவை கேட்பவர்களுக்கு ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு என்றுகூடத் தோன்றலாம். அப்போது குரலைத் தேடாமல், ஹெட்போனில் பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடுத்த தடவை அந்த இரைச்சலுக்குள் இருக்கும் மெட்டு தானாகவே மேலே வரும். ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கமும் தேவையில்லை. ஃபோர் ஏடியின் காக்டோ ட்வின்ஸ் குழுவில் எலிசபெத் ஃப்ரேசர் பாடும் வரிகள் பல ஆங்கிலேயர்களுக்கே பிடிபடாதவை. அந்தக் குரலின் அழகை அது துளியும் குறைக்கவில்லை. பாடல்களைக் கலைத்துப் போடும் பிளேலிஸ்ட்டை விட்டுவிட்டு ஆல்பத்தை வரிசையாகக் கேட்பது மட்டும் முக்கியம். சில நாள் இடைவெளியில் மீண்டும் ஒருமுறை கேட்டபிறகும் ஒட்டவில்லை என்றால், தயங்காமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

இனி அந்த ரசிகர்களைப் பற்றி. அவர்களுடைய செருக்குக்கு ஒரு நியாயமான தொடக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரம் பிரதிகளே அச்சான ரெக்கார்டு எல்லா ஊர்க் கடைகளுக்கும் வராது. பிபிசி வானொலியில் ஜான் பீல் இரவு நேரத்தில் ஒலிபரப்பும்போது பெயரைக் குறித்துக்கொண்டு, ரசிகர்கள் தாமே தயாரித்த சிறு இதழ்களில் முகவரி தேடி, தபாலில் பணம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அப்படி உழைத்துக் கண்டெடுத்த ஒன்றின்மீது தனக்கு உரிமை இருப்பதாக ஒருவர் எண்ணுவது மனித இயல்பு. ஆனால் எளிதில் கிடைக்காத அந்தத் தன்மை ஓரளவு வியாபார உத்தியாகவும் இருந்தது. சப் பாப் லேபிள் 1988 நவம்பரில் சந்தாதாரர்களுக்கான மாதாந்திர ரெக்கார்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் வெளியீடான நிர்வாணா குழுவின் ரெக்கார்டை ஆயிரம் பிரதிகள் மட்டுமே அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் கையால் எண் எழுதி அனுப்பியது. இன்று எல்லாம் எல்லாருக்கும் ஒரு விரல் தொடுகையில் கிடைப்பதால், தேடிய உழைப்பால் வந்த பெருமை போய், "எனக்கு முன்பே தெரியும்" என்ற பெருமை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அவர்கள் அடிக்கடி எடுக்கும் ஆயுதம் தூய்மைவாதம்: பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள், ஆகவே விலைபோய்விட்டார்கள் என்பது. நிர்வாணா 606 டாலர் சொச்சத்தில் பதிவுசெய்த முதல் ஆல்பம் 1989இல் சப் பாப்பில் வந்தது. 1991இல் வந்த இரண்டாவது ஆல்பம் பெரிய நிறுவனத்திலிருந்து வெளிவந்து உலகம் முழுவதும் பரவியது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த சப் பாப்பே 1990களின் நடுவில் தன் பங்குகளில் 49 விழுக்காட்டைப் பெரிய நிறுவனமான வார்னருக்கு விற்றது. அதற்கு முன்பே பிரிட்டனின் கிரியேஷன் லேபிள் தன் பங்குகளில் பாதியளவை இன்னொரு பெரிய நிறுவனமான சோனிக்கு விற்றிருந்தது. பங்கை விற்றுக் கிடைத்த பணத்தில்தான் பல நல்ல ஆல்பங்கள் வந்தன. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். எதிரே நிற்பவரிடம் வாதாட வேண்டியதில்லை.

அவர்களிடம் பேசும்போது தெரியாததைத் தெரிந்ததுபோலத் தலையாட்டாதீர்கள். அடுத்த கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். "அந்த பேண்டை நான் கேட்டதில்லை, எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம், ஏன் அது?" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அந்த "ஏன்" என்ற கேள்வியில் இளகிவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் தங்கள் பிரியத்தைச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. அப்படி இளகியவர் கிடைத்தால் விடாதீர்கள், அவரைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. காரணம் சொல்லாமல் ஏளனம் மட்டும் செய்பவரிடம் கற்றுக்கொள்ள ஏதுமில்லை, அங்கிருந்து நகர்ந்துவிடலாம். உங்களுக்குப் பிடித்த பிரபலமான பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்லி யாருடைய மதிப்பையும் சம்பாதிக்க வேண்டாம்.

யாரிடமும் பேசப் பிடிக்காதவர்களுக்கு, இசையைக் கேட்டு வாங்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் ஏற்ற இடம். அதில் ஓர் ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால், உறைப்படத்துக்குக் கீழே அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அந்த ரசிகர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் எல்லாம் விரியும். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று ஆல்பங்கள் ஒருவரிடம் இருந்தால், மீதியையும் நம்பிக் கேட்கலாம். வாங்குவதற்கு முன் பெரும்பாலும் முழுவதையும் அங்கேயே கேட்க முடியும். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் தன் பங்காக 15 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது, அதிகம் விற்பவர்களுக்கு அது 10 ஆகக் குறைகிறது. 2020 மார்ச்சிலிருந்து குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. எனவே மனதில் நின்ற ஆல்பங்களைக் குறித்துவைத்திருந்து, அப்படியொரு வெள்ளிக்கிழமையில் வாங்கினால், நீங்கள் கொடுக்கும் பணத்தில் மிகப் பெரும்பகுதி வாசித்தவர்களுக்கும் அவர்களுடைய லேபிளுக்கும் போய்ச்சேரும்.