குளிர்நாட்டில் தேனீப் பெட்டி: தவறு நடப்பது ஆகஸ்டில், தெரிவது மார்ச்சில்

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் மார்ச் கடைசியில் ஒரு நாள் வெயில் நன்றாக அடித்து 10 டிகிரியைத் தொடும். அன்று பெட்டியின் மூடியைத் தூக்கினால் சில பெட்டிகளில் சத்தமே இருக்காது. அடையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொத்துத் தேனீ, தலையை அறைக்குள் நுழைத்து, பின்பகுதி மட்டும் வெளியே தெரியச் செத்துக் கிடக்கும். அந்தக் கொத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, மெழுகு மூடிய தேன் தொடாமல் இருக்கும்.

பார்த்தவுடன் "குளிர் தாங்கவில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் ஆரோக்கியமான ஒரு தேனீக் குடும்பம் (ஒரு பெட்டியில் வாழும் கூட்டம்) மைனஸ் 25 டிகிரியையும் தாங்கும். வெளியே 14 டிகிரிக்குக் கீழே போனதும் தேனீக்கள் ராணியை நடுவில் வைத்துப் பந்தாகத் திரள்கின்றன. இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் இயக்கிச் சூடு உண்டாக்குகின்றன. பந்தின் மேற்பரப்பு 10 டிகிரியை ஒட்டி இருந்தாலும், நடுவில் வளரும் தேனீப் புழு இருந்தால் அங்கே 34 டிகிரி வரை இருக்கும். இதற்குத் தலை எண்ணிக்கை வேண்டும். பந்து சிறுத்துவிட்டால் சூட்டைக் காக்கவே மொத்தத் தேனீயும் தேவைப்படும், பக்கத்துச் சட்டத்தில் (அடையைத் தாங்கும் மரச்சட்டகத்தில்) இருக்கும் தேனுக்கு நகர முடியாது. அந்த நான்கு விரல் தூரத்துக்குக் காரணம் இதுதான். ஆக, கேட்க வேண்டிய கேள்வி, பந்து ஏன் சிறுத்தது என்பது. விடை அநேகமாக முந்தைய ஆகஸ்டில் இருக்கும்.

உண்ணியை எண்ணாமல் விடுவது

புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதைவிடப் பெரியது எதுவுமில்லை. கோடையில் பிறக்கும் பணித்தேனீ ஐந்தாறு வாரம்தான் வாழும். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை பிறப்பவை வேறு மாதிரி. உடம்பில் கொழுப்பும் புரதமும் சேர்த்துவைத்து நான்கு முதல் ஆறு மாதம் வாழ்ந்து, வசந்தத்தில் முதல் புழுக்களை வளர்த்துவிட்டுத்தான் சாகும். குளிர்காலத்தைக் கடப்பது இந்தத் தலைமுறை. தேனீயின் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணி தின்பது இவற்றின் கொழுப்புத் திசுவை. தேனீயை அது கடிக்கும் இடத்தில் வைரஸும் உள்ளே போகிறது.

காலக்கணக்கு இங்கே நமக்கு எதிராக இருக்கிறது. ஜூலையில் புழு நிறைய இருப்பதால் உண்ணியும் மெழுகு மூடிய புழு அறைகளுக்குள் நிறையப் பெருகும். ஆகஸ்டில் ராணி முட்டையைக் குறைப்பாள், ஆனால் உண்ணியின் எண்ணிக்கை குறையாது. குறைந்த புழுக்களில் கூடுதல் உண்ணி ஏறும். குளிர்காலத் தேனீ உருவாகும் அதே வாரங்களில் இது நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி பிரமாதமாக இருக்கும், வாசலில் கூட்டம் அலைமோதும். அதை நம்பித்தான் ஏமாந்துபோகிறார்கள். பெட்டியின் அடித்தட்டில் விழும் உண்ணியை எண்ணுவதும் போதாது. அந்த எண்ணிக்கை குடும்பத்தின் அளவைப் பொறுத்து மாறும்.

எண்ணும் முறை எளிது. புழு இருக்கும் ஒரு சட்டத்தை எடுத்து, ராணி அதில் இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். தேனீக்களை ஒரு தட்டில் உதறி, அரை கப் அள்ளினால் ஏறத்தாழ 300 இருக்கும். அவற்றை மருந்துக்கடை ஆல்கஹால் ஊற்றிய, சல்லடை வைத்த குப்பியில் போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். உண்ணிகள் செம்பழுப்பு நிறத்தில், கடுகு அளவில், தட்டையாகக் கீழே இறங்கும். எண்ணி மூன்றால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று கிடைக்கும். மே மாதத்தில் நூற்றுக்கு 2, ஆகஸ்டில் நூற்றுக்கு 3 வந்தால் உடனே மருந்து வைக்க வேண்டும். 300 தேனீயைக் கொல்வதற்கு மனம் வராமல் பலர் இதைச் செய்வதில்லை. அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் சீசனில் ராணி ஒரே நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடுவாள். எண்ணாமல் விட்டால் போவது மொத்தக் குடும்பம்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கத் தெர்மாமீட்டரும் வேண்டும். பார்மிக் அமிலப் பட்டை மூடிய அறைக்குள்ளும் போய் உண்ணியைக் கொல்லும், ஆனால் பகல் வெப்பம் 10 முதல் 29.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ராணி சாகலாம். அமிட்ராஸ் பட்டை 42 முதல் 56 நாள் உள்ளே இருக்க வேண்டும். தேன் அடுக்கை (நாம் எடுக்கும் தேனுக்காக மேலே வைத்த பெட்டியை) எடுத்த பிறகே வைக்கலாம், கெடு முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். பட்டையை வசந்தம் வரை உள்ளேயே விட்டால் மருந்துக்குப் பழகிய உண்ணிகளை நாமே வளர்க்கிறோம். நவம்பர் கடைசியில் பெட்டியில் புழுவே இல்லாதபோது ஆக்ஸாலிக் அமிலப் பாகை, தேனீ நிற்கும் சட்ட இடுக்கு ஒன்றுக்கு 5 மில்லி என்று ஊற்றலாம். ஒரு பெட்டிக்கு 50 மில்லியைத் தாண்டக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இது மிச்ச உண்ணிக்கு. ஆகஸ்டில் செய்யாததை நவம்பரில் ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் அதற்குள் குளிர்காலத் தேனீ கெட்டுப்போயிருக்கும்.

மார்த்தாண்டத்துப் பக்கம் பெட்டி வைத்துப் பழகிவிட்டு இங்கே வந்தவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வளர்ப்பது இந்தியத் தேனீ. வரோவா இன உண்ணிகள் அதன் பழைய ஒட்டுண்ணிகள், பெரும்பாலும் ஆண்தேனீப் புழுவில்தான் பெருகும். ஒன்டாரியோவில் வளர்ப்பது ஐரோப்பியத் தேனீ. இதில் பணித்தேனீப் புழுவிலும் உண்ணி பெருகுகிறது. "ஊரில் மருந்தே வைத்ததில்லை" என்ற அனுபவம் இங்கே செல்லாது. 2021-22 குளிர்காலத்தில் கனடாவின் தேனீக் குடும்பங்களில் 45.5 சதவீதம் அழிந்தன. அனுபவசாலிகளும் அதில் தப்பவில்லை.

முதல் வருடமே தேன் எடுப்பது

அடை கட்டப்படாத வெறும் மெழுகுத் தகட்டோடு தொடங்கும் புதுக் குடும்பம் முதலில் அடை கட்ட வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு ஆறேழு கிலோ தேன் செலவாகும். அதோடு, குளிர்காலத்துக்கு 27 முதல் 36 கிலோ தேன் சேமிப்பு வேண்டும். இருபுறமும் நிறைந்த ஓர் ஆழச் சட்டம் இரண்டரை முதல் மூன்று கிலோ தேறும். அதாவது பத்துப் பன்னிரண்டு சட்டம். இரண்டு ஆழப் பெட்டி அடுக்கியிருந்தால் மேல் பெட்டி முழுக்கத் தேனாகவும், கீழ்ப் பெட்டியின் ஓரச் சட்டங்களில் கொஞ்சமும் இருக்க வேண்டும். ஜூலை தொடக்கத்தில் லிண்டன் மரம் பூக்கும்போது அடுக்கு நிரம்புவதைப் பார்த்து ஆசை வருவது இயல்புதான். அதை எடுத்துவிட்டு, செப்டம்பரில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் செடி மிச்சத்தை நிரப்பிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தேன் வராது.

குறைவு இருந்தால் செப்டம்பர் நடுவிலிருந்து சீனிப்பாகு கொடுங்கள். 10 கிலோ வெள்ளைச் சீனிக்கு 5 லிட்டர் வெந்நீர். இது வசந்தத்தில் கொடுக்கும் சம அளவுப் பாகு அல்ல. நீர்த்த பாகை அக்டோபரில் வற்றவைக்கத் தேனீக்கு நேரமும் சூடும் கிடைக்காது. அக்டோபர் நடுவுக்குள் முடித்துவிடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் பாகைத் தொடாது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பழுப்புச் சீனி எதுவும் வேண்டாம். அவற்றிலுள்ள கசடு குடலில் தேங்கும், குளிரில் வெளியே பறந்து கழிக்க வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே பேதியாகும். கடைத் தேனும் வேண்டாம். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் அதில் இருக்கலாம்.

பட்டினிச் சாவு ஜனவரியைவிட மார்ச்சில்தான் அதிகம். பிப்ரவரியிலேயே ராணி முட்டையிடத் தொடங்கிவிடுவாள், புழுவுக்குச் சூடு கொடுக்கச் செலவு எகிறும், வெளியே பூ இல்லை. இதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. அக்டோபரில் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கி அந்தக் கனத்தை நினைவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதே போலத் தூக்கிப் பாருங்கள். வெறும் பெட்டி போலக் கை எளிதாக எழும்பினால், வெயில் நாளில் மூடியைத் தூக்கி, சட்டங்களின் மேல் ஒரு தாள் செய்தித்தாள் விரித்து, இரண்டு கிலோ சீனியைத் தண்ணீர் தெளித்துப் பரப்பிவிட்டு இரண்டே நிமிடத்தில் மூடுங்கள்.

காற்றே புகாமல் இறுக்கி மூடுவது

குளிரைத் தடுக்க எல்லா இடுக்கையும் அடைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தேனீ தேனைத் தின்னும்போது தண்ணீர் வெளிவருகிறது. ஒரு கிலோ தேன் செலவானால் அரை லிட்டருக்கு மேல் நீராவி. இது மேலே எழும்பி, சில்லென்றிருக்கும் மூடியில் பட்டுத் துளியாகி, பந்தின் மேல் சொட்டும். காய்ந்த தேனீ குளிரைத் தாங்கும், நனைந்த தேனீ தாங்காது. அதனால் காப்பு முதலில் மூடிக்குத்தான் வேண்டும். உள்மூடிக்கு மேல் 5 சென்டிமீட்டர் கெட்டி நுரைப்பலகை வைத்தால் மூடியின் அடிப்பரப்பு சூடாக இருக்கும், துளி பக்கச் சுவரில் வழிந்து போகும். மேலே 2 சென்டிமீட்டர் அளவில் ஒரு வாசல் விடுங்கள். ஈரம் வெளியேறும், பனி கீழ்வாசலை மூடினாலும் தேனீக்கு வழி இருக்கும். பெட்டி முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். சுற்றுப் போர்வையை நவம்பர் நடுவில் கட்டினால் போதும்.

அதே சமயத்தில் ராணி மேல் பெட்டிக்கு ஏறாமல் வைத்த தடுப்புச் சல்லடையை எடுக்க மறக்காதீர்கள். பந்து தேனைத் தேடி மேலே நகரும்போது ராணி மட்டும் சல்லடைக்குக் கீழே தனியாக நின்று விறைத்துச் செத்துவிடுவாள். எலி நுழையாமல் கீழ்வாசலில் 12 மில்லிமீட்டர் கம்பிவலை அடியுங்கள், இரவுகள் குளிரத் தொடங்கும் செப்டம்பரிலேயே. தாமதித்தால் எலியை உள்ளே வைத்து அடைத்ததாகும். பனியில் செத்த தேனீக்களும் மஞ்சள் புள்ளிகளும் கிடந்தால் பதற வேண்டாம். அது உயிரோடு இருக்கும் குடும்பத்தின் அடையாளம்.

தொடக்கத்திலேயே நேரும் பிழைகள்

ஒரே பெட்டியோடு தொடங்காதீர்கள். இரண்டு இருந்தால்தான் எது இயல்பு என்று தெரியும், ஒன்றில் ராணி போய்விட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றைக் கடன் வாங்கலாம். ராணியோடும் புழுவோடும் நான்கைந்து சட்டம் வரும் குட்டிக் குடும்பத்தை மே மாதத்துக்குள் வாங்குங்கள். ஜூலையில் மலிவாகக் கிடைப்பது குளிருக்குள் தேறாது. பழைய அடையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். புழு அழுகல் நோயின் வித்து அதில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும்.

கோடையில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவும் 15 டிகிரிக்கு மேல் உள்ள நாளில். ஏனென்றால் புது ராணி வளரும் அறை முட்டையிட்ட எட்டாம் ஒன்பதாம் நாளில் மூடப்படும், அதோடு பாதிக் கூட்டம் பிரிந்து பறந்துவிடும். பத்தில் ஏழு சட்டம் நிரம்பியதும் அடுத்த பெட்டியை ஏற்றுங்கள். ராணியைத் தேடித் தேடிப் பெட்டியைக் குடைய வேண்டாம். அறையின் அடியில் வெள்ளை நூல்துண்டு போல முட்டை நிற்பது தெரிந்தால் மூன்று நாளுக்குள் அவள் அங்கே இருந்திருக்கிறாள்.

ஒன்டாரியோவில் பெட்டிகளை ஆண்டுதோறும் மாகாணத்தில் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியும் நீண்டகாலமாக உண்டு. டொராண்டோ புறநகரின் சாதாரணப் பின்முற்றத்தில் அந்த இடம் கிடைக்காது. தேனீ வாங்குமுன் மாகாணத் தேனீ ஆய்வாளரிடம் பேசுங்கள். நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரரிடம் மூலை இடம் கேட்பது பலருக்கு வழியாக இருந்திருக்கிறது.

பெட்டி செத்துப்போனால்

உடனே வாசலை மூடுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் குடும்பங்கள் மிச்சத் தேனையும் அதிலிருக்கும் நோயையும் கொள்ளையடித்துப் போகும். பிறகு புழு இருந்த ஒரு சட்டத்தைத் தலைகீழாக வெயிலில் பிடித்து, அறைகளின் மேற்கூரையைப் பாருங்கள். உப்புத்தூள் போல வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை உண்ணியின் எச்சம். தேனே இல்லாமல் தலைகள் அறைக்குள் இருந்தால் பட்டினி. மூடிய அறைகளின் மூடி குழிந்து, ஓட்டை விழுந்து, தீக்குச்சியால் குத்தி இழுத்தால் பழுப்பாக நூல்நூலாக வந்தால் அது புழு அழுகல் நோயாக இருக்கலாம், எதையும் தொடாமல் ஆய்வாளரை அழையுங்கள். அந்த நோய் இல்லையென்றால் செத்த தேனீக்களைத் துலக்கிவிட்டு, மே மாதம் வரும் புதுக் குடும்பத்துக்கு அதே அடையைக் கொடுக்கலாம். கட்டி முடித்த அடையோடு தொடங்கும் குடும்பம் மெழுகுக்கான தேனை மிச்சப்படுத்தும்.