ஐந்து வருடம் கழித்து இருக்கும் உங்களிடம் கேளுங்கள்

"நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் வேலையை யார் தலையில் கட்டுகிறோம்? நாளைக்கு இருக்கப்போகும் நம் தலையில்தான். ஆனால் அந்த ஆளை யாரோ மூன்றாம் மனிதர் போலத்தான் நினைக்கிறோம். உளவியல் ஆய்வாளர் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு அவர்களுடைய முகத்தையே கணினியில் வயதானதாக மாற்றிக் காட்டினார்கள். அப்படித் தங்களைப் பார்த்தவர்கள், ஓய்வுக்காலச் சேமிப்புக்குக் கூடுதல் பணம் ஒதுக்க முன்வந்தார்கள்.

இதற்குக் கணினிகூட வேண்டாம், ஒரு தாள் போதும். இலக்கை எட்டிவிட்ட நீங்கள், இன்றைக்கு இருக்கும் உங்களுக்கு எழுதுவது போல ஒரு கடிதம் எழுதுங்கள். "சந்தோஷமாக இருக்கிறேன்" என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், முதல் அரை மணி நேரம் என்ன செய்கிறீர்கள், எந்தப் பழக்கத்தை விட்டுவிட்டீர்கள் என்று எழுத வேண்டும். என் கடிதத்தில் "மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அன்று இரவே ஷூவுக்குள் சாக்ஸைச் சுருட்டிப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். காலையில் காலைக் கீழே இறக்கினால் அதில்தான் படும்.

அப்புறம், எங்கே சறுக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். மழை பெய்தால்? வேலை முடிய இரவாகிவிட்டால்? சரி, அன்றைக்குப் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடை என்று இப்போதே எழுதி வையுங்கள்.