ஸ்ட்ரெப்டாவிடின் பயோட்டினைப் பிடிக்கும் விதம்: முப்பரிமாணத்தில் பார்க்க ஒரு செய்முறை

ஸ்ட்ரெப்டோமைசஸ் அவிடினி என்ற பாக்டீரியா ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தைத் தன் செல்லுக்கு வெளியே சுரக்கிறது. கூடவே ஸ்ட்ராவிடின் என்ற சிறு மூலக்கூறையும் விடுகிறது. ஸ்ட்ராவிடின், மற்ற பாக்டீரியாக்கள் பயோட்டின் என்ற வைட்டமினைத் தயாரிப்பதைத் தடுக்கும். வெளியே கிடக்கும் பயோட்டினை ஸ்ட்ரெப்டாவிடின் வாரிக்கொள்ளும். ஈ. கோலை பாக்டீரியாவின் பிடியுஎஃப் (BtuF) புரதம் அப்படியல்ல. அது வைட்டமின் பி12-ஐப் பிடித்து, செல்லுக்குள் கடத்தும் பம்பிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதனால் அதன் பிரிகை மாறிலி (இந்த எண் சிறிதாக இருந்தால் பிடி இறுக்கம் என்று பொருள்) சுமார் 15 நானோமோலார், அதாவது 1.5 × 10⁻⁸ மோலார். ஸ்ட்ரெப்டாவிடினுக்கோ சுமார் 10⁻¹⁴ மோலார். இந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது பார்ப்போம்.

படி 1: திறப்பது
ஆர்சிஎஸ்பி (RCSB) புரதத் தரவு வங்கியின் இணையதளத்தில் 1எஸ்டிபி (1STP) என்ற பதிவைத் தேடி, முப்பரிமாணக் காட்சியை அழுத்துங்கள். மூலக்கூறுகளைக் காட்டும் மோல்ஸ்டார் (Mol*) உலாவியிலேயே திறக்கும், எதையும் நிறுவ வேண்டாம்.

படி 2: நான்கும் இருக்கிறதா?
ஆரம்பநிலையில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். கோப்பில் பதிவாகியிருப்பது ஒரே ஒரு அமினோ அமிலச் சங்கிலி. உண்மையான புரதமோ நான்கு சங்கிலிகள் சேர்ந்தது. வலப்பக்கப் பலகையில் வகை ‘மாடல்’ என்றிருந்தால் ‘அசெம்ப்ளி’ என்று மாற்றுங்கள். பைமால் (PyMOL) என்ற மென்பொருளில் வேலை செய்பவர்கள் உயிரியல் அசெம்ப்ளியின் பிடிபி (PDB) கோப்பை இறக்கி, ‘ஆல் ஸ்டேட்ஸ்’ (all_states) அமைப்பை ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நான்கில் ஒன்றுதான் திரையில் தெரியும்.

ஒவ்வொரு சங்கிலியும் எட்டு பீட்டா இழைகளால் ஆன பீப்பாய். அதன் ஒரு முனையில் பயோட்டின் செருகியிருக்கும்.

படி 3: குழிக்குள்
பிடிஎன் (BTN) என்று பெயரிட்ட பயோட்டினைச் சொடுக்குங்கள். சுற்றியுள்ள அமினோ அமிலங்களும் புள்ளிக்கோடுகளும் தோன்றும். பயோட்டினில் இரண்டு நைட்ரஜன்கள் கொண்ட யூரிடோ வளையத்தின் ஆக்சிஜனை நிதானமாகப் பாருங்கள். அஸ்பரஜின் 23, செரின் 27, டைரோசின் 43 (எண், சங்கிலியில் அந்த அமினோ அமிலத்தின் இடம்) ஆகிய மூன்றும் அந்த ஒரே அணுவை நோக்கி நிற்கும். வளையத்தின் நைட்ரஜன்களைச் செரின் 45-உம் அஸ்பார்டிக் அமிலம் 128-உம் பிடிக்கின்றன. வால் முனையில் அஸ்பரஜின் 49, செரின் 88. டிரிப்டோபான் 79, 92, 108 ஆகியவை பக்கச்சுவர்கள்.

இனி டிரிப்டோபான் 120-ஐத் தேடுங்கள். அது பயோட்டினின் மேல் மூடிபோல் அமர்ந்திருக்கும், ஆனால் பக்கத்துச் சங்கிலியிலிருந்து நீண்டு வந்தது. நான்கும் ஒரே நிறத்தில் வரலாம் என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். சுட்டியை அதன்மேல் வைத்து, கீழே வரும் பெயரில் பிரதி எண்ணைப் படியுங்கள். படி 2-ஐத் தவறவிட்டவர்களுக்கு இந்த இடம் வெறுமையாக இருக்கும். குழி திறந்து கிடப்பதாக நினைத்துவிடுவார்கள். இந்த ஒரு டிரிப்டோபானை மாற்றியமைத்த சோதனைகளில் பிடிப்பு பல மடங்கு தளர்ந்தது.

படி 4: அளப்பது
தேர்வு முறையில் ‘ரெசிடியூ’ (முழு அமினோ அமிலம்) என்பதை ‘அணு’ என்று மாற்றிய பிறகே தூரம் அளங்கள். மாற்றாவிட்டால் இரண்டு அமினோ அமிலங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் வரும். 6, 7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் 0.1 நானோமீட்டர்) என்று காட்டி ஹைட்ரஜன் பிணைப்பே இல்லை என்று எண்ண வைக்கும். சரியாக அளந்தால் ஏறத்தாழ 2.6 முதல் 3.2 ஆங்ஸ்ட்ராம் கிடைக்கும். பதிவின் பிரிதிறன் (எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பதன் அளவு) 2.6 ஆங்ஸ்ட்ராம்தான், ஆகவே தசமத்தின் இரண்டாம் இலக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஹைட்ரஜன் அணுக்கள் இதில் தெரியாது. கனமான அணுக்களுக்கு இடையே அளந்தால் போதும்.