“மருந்து முடியட்டும், பிறகு பார்ப்போம்”: துணைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போது வீட்டில் செய்யும் தவறுகள்

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவிலும் சரி, ஹட்டன் டவுனில் வாடகை வீட்டிலும் சரி, கணவனுக்கோ மனைவிக்கோ புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளிலிருந்து ஒரே பேச்சுத்தான்: “மருந்து முடியட்டும், பிறகு பார்ப்போம்.” தீபாவளிக்குத் துணி வேண்டாம், அம்மன் திருவிழாவுக்குப் போக வேண்டாம், சின்னவளின் பிறந்தநாள் அடுத்த வருடம்.

அந்தப் ‘பிறகு’ எப்போது வரும்? இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அதற்குச் சத்திரசிகிச்சை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு அல்லது எட்டுத் தடவை கீமோ, அதன்பின் சில வாரம் கதிர்வீச்சு என்று போனால் வருடத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். கட்டி ஹோர்மோனுக்கு வளரும் வகையாக இருந்தால், அதற்கும் பிறகு ஐந்து வருடமாவது தினமும் குளிசை. அதுவரை வீட்டில் சிரிப்பைப் பூட்டி வைக்க யாராலும் முடியாது. மற்றத் தவறுகள் பலவும் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன.

கலண்டரில் குறிக்காமல் விடுவது

கீமோவின் நாட்களுக்கு ஒரு போக்கு உண்டு. 21 நாள் சுற்று என்றால், மருந்து ஏறும் நாளை 1 என்று வையுங்கள். அதிலிருந்து 4ஆம், 5ஆம் நாள் வரை குமட்டலும் அசதியும். பொதுவாக 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ஆள் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி தொற்றுவதற்கு அதுதான் மோசமான நேரம். 15இலிருந்து 21 வரை பெரும்பாலும் ஆறுதலான நாட்கள்.

கடையில் கொடுக்கும் கலண்டரில் இந்த மூன்றையும் மூன்று நிறத்தில் வட்டம் போட்டு வையுங்கள். கோயில், கல்யாண வீடு, ஊருக்குப் போவது எல்லாம் மூன்றாம் வாரத்துக்கு. கூட இருப்பவர் வேலைக்குப் போகாமல் பேரை, அதாவது அன்றைய நாட்சம்பளத்தை, விட வேண்டிய நாட்கள் எவை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கிளினிக் நாளுக்கு மட்டும் லீவு எடுத்து, அதைவிடக் கஷ்டமான 3ஆம் நாளில் நோயாளியைத் தனியே விட்டுப் போகிற வீடுகள் அதிகம். வாரம் ஒருமுறை ஏற்றும் மருந்தென்றால் கணக்கு மாறும். “அணுக்கள் எந்த நாளில் குறையும்?” என்று கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் வாந்தியைத் தடுக்க டெக்சாமெதசோன் கொடுப்பார்கள். இது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும். நிறுத்தியதும் ஆள் ஒரேயடியாகச் சோர்ந்து போவார். “முந்தி இப்படிக் கத்த மாட்டாரே” என்று மனம் நோவதற்கு முன் குளிசைப் பையைப் பாருங்கள். வைத்தியர் சொன்ன நேரத்தை மாற்றாமல், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரவு வேளைக் குளிசை தூக்கத்தைக் கெடுத்தால், முன்னேரமே கொடுக்கலாமா என்று கேளுங்கள். கடன், சீட்டுக் காசு, பிள்ளையின் கல்யாணம் ஆகிய பேச்சுகளை அந்த வாரத்தில் எடுக்கவே வேண்டாம்.

தட்டைப் பிரிப்பது, படுக்கையைப் பிரிப்பது

புற்றுநோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப்பிடித்தாலும், ஒரே கட்டிலில் படுத்தாலும் வராது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. மகரகமவிலோ கண்டியிலோ கதிர்வீச்சு எடுத்துவிட்டு வந்த கையோடு பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் குடித்தவர் மட்டும் விதிவிலக்கு. அவர் எத்தனை நாள், எவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும் என்பதை வார்ட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

கீமோவில் கவனிக்க வேண்டியது வேறு. மருந்து ஏறிய பின் 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு 72 மணி நேரம் வரை, சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும். அந்த நாட்களில் வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாக அலசுங்கள். பொது மலசலகூடம் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். தாம்பத்தியத்துக்குத் தடையில்லை, உடம்பும் மனமும் இடம் கொடுத்தால். மருந்து ஏறிய முதல் வாரம் ஆணுறை. சிகிச்சைக் காலம் முழுக்கக் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்வது கட்டாயம். ஹோர்மோனால் வளரும் கட்டி இருந்தால் கருத்தடைக் குளிசை ஆகாது; வேறு வழியைக் கிளினிக்கில் கேளுங்கள். வெட்கப்பட்டு இதைக் கேட்காமல் இருந்து, காரணமும் சொல்லாமல் விலகிப் படுப்பதால்தான் “என்னைக் கண்டு அருவருப்போ” என்று மற்றவர் நினைக்கிறார்.

பிடித்த சாப்பாட்டைப் பிடிக்காத நாளில் கொடுப்பது

அன்பில் செய்யும் பிழை இது. மருந்து ஏறிய அன்றே கோழிக்கறியும் ரொட்டியும் செய்து முன்னால் வைத்தால், குமட்டலும் அந்த வாசனையும் மனதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் கோழி என்றாலே வாந்தி வரும். பிடித்ததை மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் கஞ்சி, பாண், அவித்த கிழங்கு, இஞ்சி போட்ட சாயத்தண்ணி போதும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. சூடான கறியைவிட ஆறிய சாப்பாடு மணப்பது குறைவு. இரும்புச் சுவை அடிக்கிறது என்றால் பிளாஸ்டிக் கரண்டி மாற்றிப் பாருங்கள். லயத்தில் இன்னொரு சிக்கல்: பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தால் வாசனை கூரைக்குக் கீழே இங்கே வந்துவிடும். அண்டை வீட்டு அக்காவிடம் அந்த நாட்களை முன்கூட்டியே சொல்லி வைப்பதில் குறைவொன்றும் இல்லை.

வாய் புண்ணானால் மாசிச் சம்பல், கொச்சிக்காய், தேசிக்காயை நிறுத்திவிட்டு, ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச் சோடாவும் அதில் பாதி உப்பும் கரைத்து நாளுக்கு நாலைந்து தடவை கொப்பளிக்க வேண்டும். விழுங்கக் கூடாது.

மலையிலிருந்து வரும் பீலித் தண்ணி சுத்தமானது என்று நம்பி அப்படியே குடிப்பது 7–14 நாட்களில் ஆபத்து. நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றிக் கொடுங்கள். பச்சை வல்லாரைச் சம்பலும் அந்த வாரத்தில் வேண்டாம். அதே கீரையைச் சுண்டிக் கொடுக்கலாம். அன்னமுன்னா இலைக் கசாயம், ஊரில் யாரோ சொன்ன பொடி என்பவற்றைக் கீமோவோடு சேர்ப்பது இன்னொரு தவறு. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்தே போதிய சுமை. கறியில் போடும் மஞ்சள், கொத்தமல்லித் தண்ணி இவற்றில் பயமில்லை.

வாய்ப் புற்றுநோய் நம் ஆண்களிடம் அதிகம். கணவர் அதற்குக் கதிர்வீச்சு எடுக்கும்போது மனைவி பக்கத்தில் இருந்து வெற்றிலை, புகையிலை மெல்வது அவருக்குப் பெரிய சோதனை. வெற்றிலைத் தட்டத்தை வீட்டை விட்டே எடுத்துவிடுங்கள்.

மலைக் குளிரை மறப்பது

குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒக்சலிபிளாட்டின் ஏறிய பின் சில நாட்களுக்குக் குளிர் பட்டாலே விரல் சுரீரென்று குத்தும், தொண்டை அடைப்பது போல இருக்கும். நுவரெலியாவில் விடியற்காலைப் பைப்புத் தண்ணியைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகம் கழுவவும் குடிக்கவும் இளஞ்சூட்டுத் தண்ணி, கைக்குக் கம்பளியுறை, வெளியே போகையில் வாயை மூடிய சால்வை. பக்லிடாக்செல் போன்ற மருந்தில் பாதம் மரத்துப்போகும். குளிருக்கு அடுப்படியில் காலை நீட்டியவருக்குச் சுட்டதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். ஒத்தடத் தண்ணியின் சூட்டைக் கூட இருப்பவர் தன் முழங்கையில் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்துவிட்டுக் காலைவரை காத்திருப்பது

உயிருக்கே ஆபத்தான தவறு இதுதான். கீமோ எடுப்பவருக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹைட், தொட்டாலே அவசரம். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். இரவானாலும் 1990 என்ற இலவச அம்பியூலன்ஸை அழைத்து, கிளினிக் கொப்பியோடு போய், “கீமோ எடுக்கிறவர், எடுத்து இத்தனை நாள்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மொழிபெயர்க்கும்போது விழுங்குவது

வைத்தியர் சிங்களத்தில் சொல்கிறார். மகன் கேட்கிறான். அம்மாவிடம் வரும்போது “ஒண்ணும் இல்லம்மா, சின்னக் கட்டிதான்” என்று ஆகிவிடுகிறது. முடி கொட்டத் தொடங்கிய நாளில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மகன் சொல்லும் நல்ல செய்தியையும் நம்ப மாட்டார். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அந்த அளவுக்குச் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் நோயின் பேரைச் சொல்லலாம். சொல்லாவிட்டால் தாங்கள் செய்த குறும்பால் வந்ததென்று சிறுசுகள் நினைத்துக்கொள்ளும்.

கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்குவது

“நீ படு, நான் பார்க்கிறேன்” என்பது ஒரு வாரத்துக்கு நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு அவர் விருந்தாளியாகிவிடுவார். போஞ்சி நறுக்குவது, பிள்ளைக்குப் பாடம் கேட்பது, வீட்டுக் கணக்கு எழுதுவது, சேலைக்கு ஓரம் தைப்பது இவற்றை அவரிடமே விடுங்கள். கீமோ அசதி முழுநாள் படுக்கையால் தீராது. நல்ல நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது அதைக் குறைக்கும். மேட்டுப் பாதை வேண்டாம், தோட்டத்து ரோட்டில் சமமான இடமாகப் பாருங்கள். இரத்தத்தை உறைய வைக்கும் இரத்தத் தட்டு அணுக்கள் குறைந்திருக்கும்போது ஈரப்புல்லில் இறங்க வேண்டாம். அட்டை கடித்தால் லேசில் இரத்தம் நிற்காது.

பார்க்க வருபவர்களை இஸ்தோப்பில் உட்கார வைத்து அரை மணியில் அனுப்புங்கள். இருமலோடு வந்தவருக்கு வாசலிலேயே கும்பிடு.

மூன்றாம் வாரத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு நடை போய், சென் கிளயார் நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி இரண்டு பேரும் ஒரு பிளேன்டீ குடிக்கலாம். பஸ்ஸில் முன் சீட்டு, ஜன்னல் ஓரம். வாந்தியைத் தடுக்கும் குளிசையை பஸ் ஏறுவதற்கு அரை மணிக்கு முன் போட வேண்டும். பையில் கொதித்தாறிய தண்ணி, இரண்டு பிளாஸ்டிக் பை, கம்பளித் தொப்பி, கிளினிக் கொப்பி.