நம்ம ஊர் வெயிலில் புரொஜெக்டரைப் பத்து வருஷம் ஓட்டுவது எப்படி

புரொஜெக்டர் வாங்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "லேம்ப் எத்தனை நாள் வரும்?" என்பதுதான். லேம்ப் தீரத்தான் செய்யும். தீர்ந்தால் இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் புரொஜெக்டரின் உயிரை எடுப்பது சூடும் புகையும் கரண்டும். எங்கள் வீடு தூத்துக்குடியில். மெஷின் இருப்பது மாடி அறையில், அதற்கு மேலே மொட்டை மாடி. சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்குக்கூடக் கூரை கொதிக்கும். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றும் புழுதியும். இந்த மாதிரி வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதற்கான வழிகளைத்தான் எழுதுகிறேன்.

வாங்கும்போது லூமென்ஸ் (வெளிச்சத்தின் அளவு), 4கே எல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரரிடம் ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைத் திறந்து உருவுகிற மாதிரி இருந்தால் நல்லது. அடிப்பக்கம் இருந்தால், சீலிங்கில் தலைகீழாக மாட்டிய பிறகு அது மேலே போய்விடும். ஒவ்வொரு தடவையும் மெஷினையே இறக்க வேண்டும். நீங்களும் இறக்க மாட்டீர்கள். ஃபில்டரே இல்லாத டி.எல்.பி. மாடல்களும் (நுண்ணிய கண்ணாடிகள் பதித்த சிப் வைத்துப் படம் காட்டுகிற வகை) உண்டு. அவற்றில் ஒளி போகும் பகுதியைத் தூசி புகாமல் சீல் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், சர்வீஸ் எந்த ஊரில் என்று கேளுங்கள். சென்னை, கோயம்புத்தூர் என்று பதில் வந்தால், மெஷின் வந்த அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் பரணில் பத்திரமாக இருக்கட்டும். பார்சல் லாரியில் லென்ஸை அனுப்ப அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

வெளிச்சத்துக்கு லேசரா, லேம்பா? லேசருக்கு 20,000 மணி நேரம் என்று போடுகிறார்கள். தினம் மூன்று மணி நேரம் பார்த்தால் 18 வருஷம் வருகிறது. அந்த மணிக்கணக்கு பொதுவாக வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைக்கும் உள்ளது, சரி. ஆனால் உள்ளே இருக்கிற ஃபேனும் பவர் சப்ளையும் மெயின் போர்டும் 18 வருஷம் தாங்குமா? லேசர் டயோடும் சூட்டில் சீக்கிரம் தேயும், பல மாடல்களில் அதைத் தனியாக மாற்றவும் முடியாது. தினமும் சீரியல், கிரிக்கெட் என்று ஓடுகிற வீட்டுக்கு லேசர் சரி. சனி, ஞாயிறு படம் பார்க்கிற வீட்டுக்கு லேம்ப் மெஷினே போதும் என்பது என் கட்சி. ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய்க்கு வருகிற குட்டி ஆண்ட்ராய்டு புரொஜெக்டர்களை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கெட்டால் திறந்து பார்க்கக்கூட ஆள் கிடைக்காது.

இடம் முக்கியம். நம் வீடுகளில் வாகாக ஒரு லாஃப்ட் இருக்கும், புரொஜெக்டருக்கென்றே கட்டிய மாதிரி தெரியும். அதில் வைக்காதீர்கள். மூன்று பக்கமும் சுவர், மேலே கான்கிரீட். மெஷின் வெளியே தள்ளுகிற சூட்டுக்காற்றையே திரும்ப உள்ளே இழுக்கும். கையேட்டைப் பார்த்தால் 5 முதல் 35 டிகிரி வரை என்று இருக்கும், சிலவற்றில் 40 வரை. அது மெஷின் இழுக்கிற காற்றின் சூடு. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 32 டிகிரி என்றால், கூரையை ஒட்டி அதைவிட அதிகம். ஒரு தெர்மாமீட்டரை மெஷினின் காற்று நுழையும் பக்கம் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். சீலிங்கில் மாட்டுவதானால் குழாய் வைத்த ஸ்டாண்டாக வாங்கி, கூரையிலிருந்து ஓர் அடியாவது கீழே இறக்குங்கள். காற்று வெளியேறும் பக்கம் ஓர் அடிக்குத் திரைச்சீலையோ சுவரோ இருக்கக் கூடாது. கோடையில் படம் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏ.சி. போட்டு அறையைக் குளிரவையுங்கள். ஏ.சி. இல்லையென்றால் பகல் காட்சியை விட்டுவிட்டு, மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்த பிறகு பார்க்கலாம். எங்கள் வீட்டில் முதல் வருஷக் கோடை அப்படித்தான் போனது.

மலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வரி. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 1500 மீட்டருக்கு மேலே இருந்தால் மெனுவில் ஹை ஆல்டிட்யூட் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். அங்கே காற்று மெல்லிசு, ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் சூடு இறங்கும். குளிராகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

இனி புகை. படத்தில் ஒரு மங்கல் தெரிந்து சர்வீஸ் தம்பியை வரவழைத்தோம். அவர் ஃபில்டரை உருவிக் கையில் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி இருக்கும் என்று நினைத்திருந்தேன். பழுப்பு நிறத்தில், தொட்டால் விரலில் பிசுக்கென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன், சாம்பிராணி வாசனை. "அக்கா, இது மெஷின் கோளாறு இல்ல, வீட்டுக் கோளாறு" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை தூபக்காலோடு வீடு முழுக்கச் சுற்றி வருவார்கள், மாடியும் அதில் அடக்கம். "மாடிக்கு மட்டும் வேண்டாம் அத்தை" என்று சொன்னதற்கு, "சாமிக்கு ஆகுது, உன் மெஷினுக்கு ஆகாதாக்கும்" என்று ஒரு பார்வை. கடைசியில் மெஷின் அணைத்துக் கிடக்கும் பகலில் தூபம், அந்த நேரம் அதற்குத் துணி உறை, ஜன்னல் திறப்பு என்று சமாதானமானது.

வெறும் தூசியைவிட எண்ணெய்ப்பசை உள்ள புகை மோசம். ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், தாளிக்கிற புகை, தீபாவளி மத்தாப்பு எல்லாம் இதில் அடக்கம். தூசியை ஊதித் தள்ளலாம். பிசுக்கு கண்ணாடியில் படிந்தால் ஊதினால் போகாது. சமையலறை வாசல் ஹாலைப் பார்த்து இருந்தால் ஹாலில் புரொஜெக்டர் வைப்பதை மறுபடி யோசியுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்து எங்கள் மெஷினுக்கு விடுமுறை.

ஃபில்டர் எச்சரிக்கை திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலும் மணிக்கணக்கை எண்ணிச் சொல்வது, உங்கள் தெருப் புழுதி அதற்குத் தெரியாது. மாதம் ஒரு முறை, மெஷின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரை மெல்ல உருவுங்கள். உருவும்போதே தட்டினால் தூசி உள்ளே விழும். வெளியே எடுத்து, பால்கனிக்குக் கொண்டுபோய், வேக்வம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து உறிஞ்சுங்கள். கையேட்டில் கழுவலாம் என்று இருந்தால் மட்டும் தண்ணீர். ஈரத்தோடு திரும்ப மாட்டக் கூடாது. பிசுக்கு ஏறிய ஃபில்டரைச் சுத்தம் செய்து பயனில்லை, புதிது வாங்குங்கள். லென்ஸுக்கு ரப்பர் பல்ப் வைத்த புளோயரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் மேல் உள்ள பூச்சு போய்விடும்.

பல்லியையும் எறும்பையும் கையேடு எழுதியவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். படம் முடிந்த பிறகும் மெஷின் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் அவற்றுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? பல்லி பவர் போர்டில் இரண்டு முனைகளைத் தொட்டால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு. மெஷின் ஆறியதும் பருத்தித் துணியில் தைத்த உறையைப் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும். கேபிள் வருகிற சுவர்த் துளையைக் கொஞ்சம் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். ரொம்ப நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் மெஷினை இறக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பூட்டிய அறையின் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

கரண்ட். லேம்ப் மெஷினை அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி லேம்பை ஆற்றும். படத்தின் நடுவே கரண்ட் போனால் லேம்ப் அப்படியே கொதித்துக்கொண்டு நிற்கும். கரண்ட் வந்ததும் பட்டனை அமுக்கினாலும் எரியாது, ஆறட்டும், அவசரப்படாதீர்கள். சில புது மாடல்கள் இதைத் தாங்கும் என்று கையேட்டிலேயே இருக்கும், இருந்தாலும் ஒரு யு.பி.எஸ். வைத்துவிடுவது நிம்மதி. பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று பாருங்கள், 300-க்கு மேல் இருப்பது சாதாரணம். 600 வி.ஏ. என்று விற்கிற யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும், அதனால் 1000 வி.ஏ. வாங்குங்கள். அது படம் பார்க்க அல்ல, முறையாக அணைத்து ஆறவைக்க. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், சுவிட்ச் யு.பி.எஸ். மோடில் இருக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடியில் பலர் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மின்னல் மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகவும் புரொஜெக்டருக்குள் இறங்கும். ஸ்பைக் பஸ்டர் அந்தப் பாதையைக் காவல் காக்காது. டிஷ் கேபிளையும் எச்.டி.எம்.ஐ.யையும் சேர்த்தே பிடுங்குங்கள். எச்.டி.எம்.ஐ. வயரைச் சுவருக்குள் பைப் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், கூடவே ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும். நாளைக்கு வயர் மாற்ற அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

லேம்ப் விஷயம். உள்ளே பாதரச ஆவி. எரியும்போது அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல 200 மடங்கு அளவுக்குப் போகும். புது லேம்பின் வெளிச்சம் முதல் சில நூறு மணி நேரத்தில் வேகமாக இறங்கி, அப்புறம் மெதுவாகக் குறையும். அதனால் புதிதில் எக்கோவில் (லேம்பைக் குறைந்த சக்தியில் எரியவிடும் மோடு) ஓட்டுங்கள், மங்கினதும் நார்மலுக்கு மாறுங்கள். எக்கோவிலேயே ரொம்ப நாள் ஓடி வெளிச்சம் துடித்தால், நார்மலில் சில மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் பல சமயம் நின்றுவிடும். மாற்றும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, மாற்றிய பின் மெனுவில் மணிக்கணக்கை ரீசெட் செய்ய வேண்டும். மெஷின் எச்சரித்த பிறகும் மாதக்கணக்கில் இழுக்காதீர்கள், வெடித்தால் துண்டுகள் உள்ளே சிதறும். வெடித்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்க, அவ்வப்போது முழுக் கறுப்பு, முழுச் சாம்பல், முழு வெள்ளைப் படங்களைப் போட்டுப் பாருங்கள். எல்.சி.டி. வகையில் (ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பேனல் வைத்தது) கறுப்பில் பச்சையோ சிவப்போ நீலமோ மங்கலான திட்டு தெரிந்தால், அந்த நிறத்துப் பேனல் பக்கம் தூசி போயிருக்கிறது. திறந்து சுத்தம் செய்தால் போகும். சாம்பலில் ஒரு மூலை மட்டும் மஞ்சளாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் சூட்டில் போலரைசர் (பேனலை ஒட்டி ஒளியை வடிகட்டுகிற மெல்லிய தகடு) கருகியிருக்கலாம், செலவு பெரிது. டி.எல்.பி.யில் கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் முளைத்தால் சிப்பின் கண்ணாடிகள் சிக்கிக்கொள்கின்றன. 1080பி சிப் ஒன்றில் அப்படி 20 லட்சத்துக்கும் மேல் இருக்கும். முளைக்க ஆரம்பித்தால் நிற்காது, சிப்பைத்தான் மாற்ற வேண்டும். கலர் வீல் (வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிக்கிற சுழல் சக்கரம்) வைத்த டி.எல்.பி.யில் புதிதாக ஒரு விசில் சத்தம் கேட்டால் கலர் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற சாமான் அது.

இந்த மூன்று படங்களையும் பென் டிரைவில் வைத்திருந்தால் செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போதும் உதவும். லேம்ப் மணிக்கணக்கை நம்பாதீர்கள், யாரும் ரீசெட் செய்துவிடலாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு பாருங்கள். ஃபில்டரை உருவிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பேரம் பேசாதீர்கள்.

மெயின் போர்டோ சிப்போ போய்விட்டால், சரிசெய்ய ஆகிற செலவு அதே தரத்துப் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதிதுதான் வாங்குவேன். பழையதை எடைக்குப் போடாதீர்கள், லேம்பில் பாதரசம் இருக்கிறது. மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். ரிமோட், ஸ்டாண்ட், எச்.டி.எம்.ஐ. வயர், துணி உறை இவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் திருகு ஓட்டைகள் புது மெஷினுக்குப் பொருந்துமா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.