சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் மாணவர்

"எத்தனை தடவை சொல்வது?" என்று கேட்டால் "நான்கு தடவை சொல்லிவிட்டீர்கள்" என்று பதில் சொல்லும் மாணவனைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேள்வி கேட்டீர்கள், விடை வந்தது. அவ்வளவுதான். ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் உலகை உணர்வதும் வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள பலர் சொற்களுக்குப் பின்னாலுள்ள குறிப்பைவிடச் சொற்களையே நம்புகிறார்கள். அதனால் நான் முதலில் திருத்தச் சொல்வது ஆசிரியரின் பேச்சைத்தான்.

"ஒழுங்காக உட்கார்ந்து வேலையைப் பார்" என்பதில் என்ன வேலை, எதுவரை என்று எதுவும் இல்லை. "32ஆம் பக்கம், முதல் மூன்று கணக்குகள். முடிந்ததும் நோட்டை என் மேசையில் வை" என்று சொல்லுங்கள், பலகையிலும் எழுதுங்கள். பிறகு பேசாமல் காத்திருங்கள். பதில் தாமதமானால் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்பது ஆசிரியர்களுக்கே உரிய பழக்கம். அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது கேள்வி. முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

சில அறிக்கைகளில் 'ஆட்டிசம்' என்றும் சிலவற்றில் 'ஆஸ்பெர்கர்' என்றும் வரும் பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1981இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் எழுதிய கட்டுரைதான் 'ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்' என்ற பெயரைப் பரப்பியது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு அதைத் தனிப் பிரிவாக வைக்காமல் ஆட்டிசத்துடன் சேர்த்துவிட்டது. மருத்துவ அறிக்கையில் எந்தப் பெயர் இருந்தாலும் வகுப்பில் செய்ய வேண்டியது மாறாது. ஆஸ்பெர்கர் என்று சொல்லப்பட்டவர்களில் பலர் சரளமாகப் பேசுவார்கள், நல்ல மதிப்பெண்ணும் எடுப்பார்கள். சிரமம் வெளியே தெரியாததற்கு அதுவே காரணம். பெண் பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்துகொள்வதால் இன்னும் எளிதாகக் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

கால அட்டவணை மாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள். விளையாட்டு வகுப்பு ரத்து என்பதை மணி அடித்த பிறகு அறிவிப்பதுதான் பல 'அடங்காத' நாள்களின் தொடக்கம். மின்விசிறியின் கிரீச்சொலி, டியூப்லைட்டின் ரீங்காரம், நாற்காலி இழுபடும் ஓசை எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தாங்க முடியாத நிலைக்குத் தள்ளலாம். அப்போது அழுகையோ கத்தலோ வந்தால் அது அடம் அல்ல. அறிவுரை, கேள்வி, தோளில் கை எதுவும் வேண்டாம். பேச்சைக் குறைத்து, மற்ற பிள்ளைகளின் பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள். அமைதியான இடத்துக்குப் போக அனுமதிக்கும் ஓர் அட்டையை முன்பே கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

"என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்ற கட்டளையை நான் அறவே வெறுக்கிறேன். கண்ணைப் பார்க்கும் முயற்சியிலேயே பாடம் காதில் விழாமல் போகும். கையை அசைப்பதும் முன்னும் பின்னும் ஆடுவதும் யாருக்கும் தொந்தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

குழுவேலையில் "சேர்ந்து செய்யுங்கள்" என்று விட்டுவிடாமல் பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். ஆண்டு முடிவில், எந்த ஓசை தாங்காது, எந்த இடத்தில் உட்கார்ந்தால் நிம்மதி, எதைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும் என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டு அரைப் பக்கம் எழுதி அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.