பஸ்ஸர் இருக்கட்டும், முதலில் கேள்வியைக் கேளுங்கள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுக்க குவிஸ்பவுல் ஆடினேன். இரண்டு அணிகள் மோதும் வினாடி வினாப் போட்டி அது. இப்போது ஒரு பள்ளி அணிக்குக் கோச். புதிதாகச் சேரும் பிள்ளைகள் செய்யும் தவறு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நான் செய்ததுதான். பதற்றம், உச்சரிப்புப் பிழை எல்லாம் நாலு போட்டி ஆடினால் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆட்டம் இதுதான். அணிக்கு நான்கு பேர். டாஸ்-அப் என்பது இரு அணிக்கும் பொதுவான கேள்வி; கடினமான குறிப்பில் தொடங்கி எளிதான குறிப்பில் முடியும். வாசிக்கும்போதே யாரும் பஸ்ஸரை அழுத்தலாம். சரியான விடைக்கு 10 புள்ளி. இந்தப் போட்டிகளை நடத்தும் என்ஏக்யூடி அமைப்பின் விதிப்படி, கடினமான பகுதியிலேயே சொல்லிவிட்டால் 15. குறுக்கிட்டுத் தப்பாகச் சொன்னால் 5 கழியும். டாஸ்-அப்பை வென்ற அணிக்கு மட்டும் மூன்று பகுதி கொண்ட போனஸ் கேள்வி, 30 புள்ளி வரை.

தெரிந்த பெயர் காதில் விழுந்ததும் அழுத்துவது

பள்ளியில் என் கடைசி வருடம். இருபதாவது டாஸ்-அப், அதுதான் கடைசி. நாங்கள் 45 புள்ளி முன்னால் இருந்தோம். 15 புள்ளிக்கான பகுதி தாண்டிவிட்டது. இனி எதிரணி எடுக்கக்கூடியது அதிகபட்சம் 40. நாங்கள் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே வெற்றி.

"இந்த இடத்தில் ஹைன்ரிக் ஷ்லீமன்..." என்று வந்தது. அழுத்தினேன். "டிராய்" என்றேன்.

தப்பு. எங்கள் முன்னிலை 40 ஆனது. வாசிப்பவர் மீதியைப் படித்தார்: 1876இல் அவர் தங்க முகமூடி கண்டெடுத்த இடம், சிங்க வாயில் இருக்கும் இடம், அகமெம்னானின் தலைநகர். எதிரணி நிதானமாக "மைசீனி" என்றது. போனஸின் மூன்று பகுதியும் அவர்களுக்கே. சமன். அதை முறிக்கும் கேள்விகளில் தோற்றோம். வருடங்கள் ஓடிவிட்டன, கோபம் இன்னும் தீரவில்லை.

ஷ்லீமன் ஒரு தொல்லியலாளர். பழங்கால நகரங்களான டிராயையும் தோண்டினார், மைசீனியையும் தோண்டினார். இரண்டுமே எனக்குத் தெரியும். ஆனாலும் பெயரைக் கேட்ட நொடியில், கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் பயிற்சியில் ஒரு மாணவி "ஃபாரடே" என்று கேட்டதும் "மின்காந்தத் தூண்டல்" என்றாள். கேள்வியோ "இந்தச் சேர்மம்" என்று தொடங்கியிருந்தது. 1825இல் ஃபாரடே பிரித்தெடுத்த பென்சீன்தான் விடை. தூண்டல் எப்படிச் சேர்மம் ஆகும்?

அதனால் என் அணிக்கு ஒரே ஒரு கட்டாயம்: "இந்த" என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைத் தாளில் எழுத வேண்டும். நகரமா, நாவலா, தனிமமா, அரசரா? எழுதிய பிறகுதான் விரல் பஸ்ஸருக்குப் போகலாம். இப்படி எழுதுவதால் வேகம் குறைகிறது என்று முணுமுணுப்பார்கள். குறையட்டும். ஒரு தவறான குறுக்கீட்டின் விலையைக் கணக்குப் போடுங்கள்: நாம் இழப்பது 5, எதிரணிக்குக் கிடைக்கக்கூடியது 40. நாம் எடுத்திருக்கக்கூடியதை இன்னும் இதில் சேர்க்கவில்லை.

எதிரணி தவறிய பிறகும் அவசரப்படுவது

வேண்டாம். இனி உங்களை முந்த ஆளே இல்லை. கடைசிச் சொல் வரை கேளுங்கள்.

பட்டியலை மனப்பாடம் செய்வது

நூலும் ஆசிரியரும், தலைநகரும் நாடும் என்று ஜோடி ஜோடியாக உருப்போடுவார்கள். அந்த ஜோடி கேள்வியின் கடைசி வரியில்தான் வரும். அதற்குள், அந்த நாவலைப் படித்த எதிரணிப் பையன் ஒரு துணைப் பாத்திரத்தின் பெயரைக் கேட்டே அழுத்தியிருப்பான். பத்துத் தலைப்புகளை உருப்போடும் நேரத்தில் ஒரு சிறுகதையை முழுசாகப் படியுங்கள். உண்மையில் பிடித்துப் படித்தது மறக்காது.

நால்வரும் ஒரே பாடத்தைப் படிப்பது

பிரித்துக்கொள்ளுங்கள். நுண்கலை எப்போதும் அநாதையாகக் கிடக்கும். அதை ஒருவர் எடுத்துக்கொண்டால் அணிக்கே லாபம்.

போனஸில் வாயை மூடிக்கொள்வது

கலந்து பேச அனுமதி உண்டு. பேசுங்கள்.

விட்ட கேள்வியை மறந்துவிடுவது

போட்டி முடிந்ததும் புள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தவறிய விடைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள், அன்று இரவே ஒவ்வொன்றைப் பற்றியும் கொஞ்சம் படியுங்கள். கேள்வி எழுதுபவர்கள் திரும்பத் திரும்ப வருவது அதே இடங்களுக்குத்தான். மைசீனி மறுபடி வரும்.